முரளியா, மார்ஷலா, அஸ்வினா? ஒரு கணக்கும் அதில் நான் செய்த தில்லுமுல்லும்

2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் அஸ்வின் ஓய்வை அறிவித்தார். அன்று சாயங்காலம் வன்னியம்பட்டி விலக்கு டீக்கடையில் நானும் தங்கச்சி மகனும் உட்கார்ந்திருந்தோம். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஒரு தமிழ்நாட்டு ஆள் இப்படிப் பாதித் தொடரில் கிளம்பி வருகிறாரே என்று நான் வருத்தப்பட்டேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "மாமா, அவரு உள்ளூர்ப் புலி. உங்க லிஸ்ட்ல முதல் பத்துல வரவே மாட்டாரு."

"வருவாரு மாப்ள."

"ஒரு கிலோ பால்கோவா பந்தயம்."

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரனிடம் பால்கோவா பந்தயம் என்பது சும்மா விளையாட்டு இல்லை. சரி என்று ஒத்துக்கொண்டேன். அந்தப் பந்தயத்துக்காக நான் போட்ட கணக்கும், அதற்காகப் படித்த பழைய சங்கதிகளும்தான் இந்தக் குறிப்பு.

சராசரியை மட்டும் நம்பினால்

பவுலரை அளக்க மிகப் பழைய அளவுகோல் சராசரி. கொடுத்த ரன்னை எடுத்த விக்கெட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். எண் குறைவாக இருந்தால் நல்ல பவுலர்.

இதை மட்டும் பார்த்தால் உலகத்திலேயே பெரிய பவுலர் இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன். 18 டெஸ்ட், 112 விக்கெட், சராசரி 10.75. நம்ப முடியாத எண்தான். ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால் விஷயம் வேறு. 1896-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் மூன்று டெஸ்ட்டில் 35 விக்கெட் எடுத்தார், சராசரி 5.80. போர்ட் எலிசபெத்தில் 7 ரன்னுக்கு 8 விக்கெட். எதிரணி மொத்தமே 30-க்கு ஆல் அவுட். அன்றைய தென்னாப்பிரிக்கா அப்போதுதான் ஆடப் பழகிக்கொண்டிருந்த அணி. லோமன் சாதாரண ஆள் என்று சொல்லவரவில்லை. அந்த 10.75-க்குள் லோமனும் இருக்கிறார், எதிரே நின்றவர்களும் இருக்கிறார்கள், அந்தக் காலத்து மண்ணும் இருக்கிறது. மூன்றையும் பிரிக்காமல் ஒரே எண்ணாகத் தருவதுதான் சராசரியின் குறை.

இன்னொரு குறை, ஆட்டம் கொஞ்சமாக இருந்தால் எண் ஏமாற்றும். 1988 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளைச் சுருட்டி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குக் கணக்குப் போட்டிருந்தால் உலகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவர் மொத்தம் ஆடியது 17 டெஸ்ட், எடுத்தது 66 விக்கெட்.

டெக்ஸ்டரின் யோசனை

இதற்கெல்லாம் ஒரு வழி வேண்டும் என்று யோசித்தவர் இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் டெட் டெக்ஸ்டர். ராப் ஈஸ்டவே, கார்டன் வின்ஸ் என்ற இரண்டு கணக்கு வல்லுநர்களோடு சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். 1987-இல் டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனத்தின் பெயரோடு அது வெளிவந்தது. இன்றைக்கு ஐசிசி தரவரிசை என்று பேப்பரில் வருவது அதன் வாரிசுதான்.

அடிப்படை எளிது. ஆயிரத்துக்கு மதிப்பெண். எல்லா விக்கெட்டும் சமமில்லை. நல்ல பேட்ஸ்மேனை எடுத்தால் அதிகம், பதினோராவது ஆளை எடுத்தால் கொஞ்சம். சமீபத்து ஆட்டத்துக்கு எடை கூடுதல், பழையதுக்குக் குறைவு. ஒரு டெஸ்ட்டைத் தவறவிட்டால் ஒரு சதவீதம் போச்சு.

இந்த முறையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது உச்சத்தில் வந்தவர் சிட்னி பார்ன்ஸ், 1914-இல் 932. அடுத்து லோமன் 931. இம்ரான் கான் 922, நம்ம முரளிதரன் 920. அஸ்வின் 2016 டிசம்பரில் 904-ஐத் தொட்டார். இந்தியர்களில் அதுதான் உச்சம் என்று எட்டு வருஷம் இருந்தது. 2025 ஜனவரியில் பும்ரா 908-க்குப் போனார்.

நல்ல முறைதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருத்தர் எந்த உயரத்தில் இருந்தார் என்று சொல்கிறது. இருபது வருஷம் பந்து போட்டவரின் மொத்த உழைப்பை அது கேட்கவில்லை. டீக்கடைக் கேள்வி அது இல்லையே.

நான் செய்த தில்லுமுல்லு

ஆகவே சொந்தமாக ஒரு சூத்திரம் எழுதினேன். மொத்த விக்கெட்டுக்கு இத்தனை மார்க், ஐந்து விக்கெட் எடுத்த ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் போனஸ், பத்து விக்கெட் எடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் பெரிய போனஸ். எக்செல்லில் போட்டு ஓடவிட்டேன். முரளி எங்கேயோ உச்சத்தில் தனியாக நின்றார். அஸ்வினும் ரொம்ப மேலே வந்துவிட்டார். சந்தோஷமாக மாப்பிள்ளைக்கு அனுப்பினேன்.

ஐந்தே நிமிஷத்தில் போன் வந்தது. "மாமா, முரளி 67 தடவை அஞ்சு விக்கெட் எடுத்திருக்காரு, 22 தடவை பத்து. அது ரெண்டுக்கும் போனஸ் குடுத்தா அவரு வராம வேற யாரு வருவா? நீங்க முதல்ல ஆளை உக்கார வச்சிட்டு அப்புறம் நாற்காலி செஞ்சிருக்கீங்க."

சுருக்கென்று இருந்தது. ஏனென்றால் உண்மை. முரளி கண்டிக்காரர். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து கப்பலேறிப் போனவர். 1995-இல் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோபால் கொடுத்ததைப் பேப்பரில் படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரனை அடித்த மாதிரி இருந்தது. அந்தக் கோபம் முப்பது வருஷம் கழித்து என் எக்செல்லுக்குள் போனஸ் மார்க்காக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டோம். எண்களைத் தேடுவதற்கு முன்னாலேயே சூத்திரத்தைப் பேப்பரில் எழுதிவிட வேண்டும். அந்தப் பேப்பர் அவனிடம் இருக்கும். விடை பிடிக்கவில்லை என்று நான் மாற்றக்கூடாது.

பேப்பரில் எழுதிய சூத்திரம்

ஒரு டெஸ்ட்டுக்கு எத்தனை விக்கெட் என்று பார்க்க வேண்டும். அதைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். எவ்வளவு எடுத்தார், எவ்வளவு மலிவாக எடுத்தார் என்ற இரண்டும் இதில் வந்துவிடும். கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். முரளி 133 டெஸ்ட்டில் 800, அதாவது டெஸ்ட்டுக்கு 6.02. சராசரி 22.72. விடை 26.5.

குறைந்தது 150 விக்கெட் எடுத்திருக்க வேண்டும், ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. பும்ரா தப்பித்தார். சிட்னி டெஸ்ட் வரை 45 டெஸ்ட்டில் 205 விக்கெட், அவருடைய எண் அப்போது 23.5. கணக்கு முடியட்டும், பார்ப்போம்.

மற்றவர்கள்:

1. சிட்னி பார்ன்ஸ் – 42.6
2. முத்தையா முரளிதரன் – 26.5
3. கிளாரி கிரிம்மெட் – 24.1
4. ரிச்சர்ட் ஹேட்லி – 22.5
5. மால்கம் மார்ஷல் – 22.2
6. ஜோயல் கார்னர் – 21.3
7. ஃபிரெட் ட்ரூமன் – 21.2
8. டென்னிஸ் லில்லி – 21.2
9. ரவிச்சந்திரன் அஸ்வின் – 21.1
10. கிளென் மெக்ராத் – 21.0

ஆலன் டொனால்டும் டேல் ஸ்டெய்னும் 20.6. கர்ட்லி ஆம்ப்ரோஸ் 19.7, ஷேன் வார்ன் 19.2, அனில் கும்ப்ளே 15.8.

அஸ்வின் ஒன்பதாவது. பால்கோவா எனக்குத்தான் என்று நினைத்தேன். மாப்பிள்ளை விடவில்லை. "மெக்ராத்துக்கு மேல அஸ்வினா? இத வெளிய சொல்லாதீங்க மாமா, சிரிப்பாங்க." சிரிப்பார்களா என்று பார்க்க இரண்டு சோதனை வைத்தோம்.

யாருக்கு எதிராக?

முதல் சோதனை, எளிதான எதிராளிகளைக் கழிப்பது. முரளியின் 800-இல் 176 விக்கெட் வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிராக வந்தவை. வார்ன் அந்த இரண்டு அணிகளோடு ஆடியது மூன்றே டெஸ்ட், எடுத்தது 17. வார்ன் ரசிகர்கள் இருபது வருஷமாகச் சொல்லிக்காட்டுவது இதைத்தான். சரி, கழிப்போம். முரளிக்கு மிச்சம் 108 டெஸ்ட்டில் 624 விக்கெட், சராசரி 25-க்கு ஒரு மயிரிழை கீழே. எண் 26.5-லிருந்து 23.2-க்கு இறங்குகிறது. அப்போதும் வார்னின் முழு எண்ணைவிட நாலு அதிகம். அந்த வாதம் இதோடு முடிந்தது என்றே சொல்வேன்.

பெரிய வீழ்ச்சி பார்ன்ஸுக்குத்தான். அவர் எடுத்த 189-இல் 83 தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, ஏழே டெஸ்ட்டில், சராசரி 9.85. அதிலும் 49 விக்கெட் 1913-14 தொடரில் பாய் விரித்த ஆடுகளங்களில் வந்தது. அதைக் கழித்து ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 20 டெஸ்ட்டை மட்டும் வைத்தால் 42.6 என்பது 24.6 ஆகிவிடுகிறது. அப்போதும் முதலிடம்தான். ஆனால் மழை பெய்தால் மூடாத பிட்ச்சின் காலத்தையும் இன்றைய காலத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பார்ன்ஸைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன்.

எங்கே?

இரண்டாவது சோதனை மாப்பிள்ளையுடையது. ஊரில் ஒரு எண், வெளியே ஒரு எண். இரண்டில் எது குறைவோ அதுதான் அவருடைய தரம். "பலவீனமான இடத்துல எவ்வளவு நிக்கிறாரோ அதுதான் மாமா அவரு" என்றான். கடுமையான விதிதான், ஆனால் நியாயமானது. சொந்த நாடு தவிர மற்ற எல்லா மைதானமும் 'வெளியே' கணக்கு.

- மார்ஷல்: ஊரில் 21.7, வெளியே 22.6
- ஹேட்லி: ஊரில் 20.4, வெளியே 24.6
- மெக்ராத்: ஊரில் 19.5, வெளியே 22.7
- முரளி: ஊரில் 34.5, வெளியே 18.4
- வார்ன்: ஊரில் 17.5, வெளியே 20.8
- அஸ்வின்: ஊரில் 27.3, வெளியே 12.5
- கும்ப்ளே: ஊரில் 22.3, வெளியே 10.9

இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். மார்ஷல் முதலிடம். ஊரா வெளியூரா என்ற வித்தியாசமே அவருக்கு இல்லை. 1983-84-இல் இந்தியாவுக்கு வந்து, வேகப்பந்துக்காரனுக்குச் சுடுகாடு என்று பேர் வாங்கிய நம்ம பிட்ச்சுகளில், ஆறு டெஸ்ட்டில் 33 விக்கெட் எடுத்துவிட்டுப் போனவர். இத்தனைக்கும் என் சூத்திரம் அவருக்குப் பாதகமானது. ஒரு இன்னிங்ஸில் இருப்பது பத்தே விக்கெட். கார்னர், ஹோல்டிங், பிற்பாடு வால்ஷ், ஆம்ப்ரோஸ் என்று கூடவே பந்தி போட்டு உட்கார்ந்தவர்களோடு பங்கு போட்டு அந்த எண் வந்திருக்கிறது. ஹேட்லிக்கும் முரளிக்கும் அந்தத் தொல்லை கிடையாது. பெரும்பாலும் தனி இலைதான்.

முரளி நாலாவது. வலிக்கிறது, ஆனால் எழுதிவைத்த பேப்பர் அவனிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட்டில் 12 விக்கெட், சராசரி 75. இந்தியாவில் சராசரி 45. இதை மறைக்க முடியாது. வார்னும் இந்தியாவில் 43 என்பது ஒரு சின்ன ஆறுதல்.

ஆனாலும் முரளிக்காக ஒன்று சொல்ல வேண்டும், இது போனஸ் மார்க் இல்லை. இங்கிலாந்தில் அவர் ஆடியது ஆறே டெஸ்ட், எடுத்தது 48 விக்கெட். 1998-இல் ஓவலில் ஒரே டெஸ்ட்டில் 220 ரன்னுக்கு 16. ஏன் ஒரே டெஸ்ட்? அன்றைக்கு இலங்கைக்கு இங்கிலாந்து கொடுத்தது அவ்வளவுதான். ஐந்து டெஸ்ட் தொடருக்கு அழைக்கப்படுகிற நாட்டில் பிறந்திருந்தால் 'வெளியே' கணக்கு எப்படி இருந்திருக்கும்? அதேபோல 2004-இல் இலங்கையில் ஒரே மூன்று ஆடுகளங்களில் முரளியும் வார்னும் எதிரெதிரே போட்டார்கள். முரளி 28, வார்ன் 26. மண் ஒத்துழைத்தால் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அதற்குமேல் தெளிவாக ஒரு சோதனை கிடைக்காது.

முதல் மூன்று பேரையும் பாருங்கள். மூன்று பேரும் வேகப்பந்து. மூன்று பேருக்கும் ஊரைவிட வெளியே எண் அதிகம். சுழற்பந்துக்காரன் மண்ணைக் கேட்டு வாழ்கிறவன். வெயிலில் வெடிக்கிற களிமண்ணில் ராஜா, புல் முளைத்த ஈரத்தில் கூலி. 'உள்ளூர்ப் புலி' என்ற பட்டம் அவனுடைய தொழிலுக்கே உள்ள சாபம்.

அஸ்வினுக்கு வருவோம்

12.5. மாப்பிள்ளை பாதி ஜெயித்துவிட்டான். ஆனால் மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

ஊரில் பிட்ச் சாதகம் என்றால் அது எதிரணிக்கும் சாதகம்தானே. 2017-இல் புனேயில் ஸ்டீவ் ஓ'கீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு 6 எடுத்தார். பெங்களூரில் லயன் 50-க்கு 8. 2021-இல் மும்பையில் அஜாஸ் படேல் பத்தையும் எடுத்தார். வந்தவர்கள் ஒருநாள் ராஜா. அஸ்வின் அதையே 65 டெஸ்ட், 383 விக்கெட் என்று செய்தார். அதுதான் வித்தியாசம்.

வெளியே? 2021 இங்கிலாந்து தொடரில் நாலு டெஸ்ட்டிலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே வருஷம் ஜனவரியில் சிட்னியில் முதுகுவலியோடு 128 பந்து நின்று, விஹாரியோடு சேர்ந்து டெஸ்ட்டைக் காப்பாற்றினார். இரண்டுமே பவுலிங் கணக்கில் வராது. வராததை நான் சேர்க்கவும் மாட்டேன். ஆனால் வரவில்லை என்று எழுதிவைக்க வேண்டும்.

கடைசி இடம்

பட்டியலின் அடியில் ஒரு பெயர் இருக்கிறது. எஸ். வெங்கட்ராகவன். 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36.11. என் சூத்திரத்தில் 7.6. நான் கணக்குப் போட்ட எல்லாரிலும் கடைசி. 150 விக்கெட் என்ற வரம்பை நான் வைத்ததே அவர் உள்ளே வரட்டும் என்றுதான். இந்தத் தில்லுமுல்லை மாப்பிள்ளை கண்டுபிடிக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த என் பெரியப்பாவுக்கு வெங்கட் என்றால் உயிர். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் ரேடியோ கேட்பார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் ஒரு டைரி வைத்திருந்தேன், எல்லா பவுலருடைய சராசரியும் அதில் இருக்கும். ஒருநாள் அவரிடம் போய், "பேடி 28, சந்திரசேகர் 29, பிரசன்னா 30. உங்க வெங்கட் 36. நாலு பேர்ல கடைசி" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வெங்கட்ட அடிக்க முடியாம பொறுமை கெட்டு, அடுத்த ஓவர் பேடிட்ட தூக்கி அடிச்சு அவுட்டாகுறான் பாரு, அவன எந்தப் பக்கத்துல எழுதுவ?" என்றார்.

அன்றைக்கு அது தோற்றவன் பேச்சு என்று நினைத்தேன். இப்போது பார்க்கிறேன், வெங்கட் கொடுத்தது ஓவருக்கு 2.27 ரன். அந்த நாலு பேரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967-இல் பர்மிங்காமில். மற்ற நாளெல்லாம் பிரசன்னாவா வெங்கட்டா என்றுதான் கேள்வி. 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியா முதல்முறை தொடரை ஜெயித்தபோது நம் பக்கத்தில் அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட், 22. 1974-இல் டெல்லி டெஸ்ட்டுக்கு அவர்தான் கேப்டன். அடுத்த டெஸ்ட்டில் பன்னிரண்டாவது ஆள். இப்படி உள்ளே வெளியே என்று ஆடியவரின் 'டெஸ்ட்டுக்கு விக்கெட்' கணக்கு எப்படி ஒழுங்காக இருக்கும்?

இதற்காக 7.6-ஐ நான் 17.6 ஆக்கப் போவதில்லை. கும்ப்ளே, அஸ்வின் வரிசையில் வெங்கட் இல்லை, அது நிஜம். ஆனால் பெரியப்பாவின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஒரு பவுலர் கட்டிப்போட்டதால் இன்னொரு பவுலருக்குக் கிடைத்த விக்கெட்டை எண்ண, ஒவ்வொரு பந்தின் பதிவும் வேண்டும். அந்தக் காலத்து ஸ்கோர் அட்டையில் அது கிடையாது. கேட்க அவரும் இப்போது இல்லை.

அட்டையிலேயே ஏறாதவர்களும் உண்டு. ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்த ராஜிந்தர் கோயல் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. நம்ம வி.வி. குமார் 1961-இல் முதல் டெஸ்ட்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்தும் இரண்டு டெஸ்ட்டோடு சரி. எந்தச் சூத்திரம் போட்டாலும் இவர்கள் வரமாட்டார்கள். ஏனென்றால் நாம் வரிசைப்படுத்துவது சிறந்த பவுலர்களை இல்லை, வாய்ப்புக் கிடைத்தவர்களில் சிறந்தவர்களை.

பந்தயம் என்னாச்சு என்று கேட்பீர்கள். பேப்பரில் எழுதிய முதல் சூத்திரத்தில் அஸ்வின் ஒன்பதாவது, அதனால் நான் ஜெயித்தேன். இரண்டாவது சோதனையில் அவர் பத்துக்குள் இல்லை, அதனால் அவன் ஜெயித்தான். கடைசியில் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு ஒரு கிலோ வாங்கி வந்தோம். உங்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் போட ஆசை இருந்தால் ஒன்று மட்டும் சொல்வேன். சூத்திரத்தை முதலில் எழுதி, உங்களோடு ஒத்துப்போகாத ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு அப்புறம் எண்களைத் தேடுங்கள்.